மனச்சோர்வும் மதுவும்: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



மது ஹராம் என்பது மதரஸாவில் அலிபு எழுதப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருக்க, வியாபாரிகள் படிக்கும் சங்கப் பத்திரிகையில் அதைப்பற்றி ஒரு பாடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் தெரிந்த காரியம் வேறு, நடக்கிற காரியம் வேறு. நம்மவர்களில் மிகப் பெரும்பாலோர் அதன் வாடையையும் அறியாதவர்கள், அல்ஹம்து லில்லாஹ். ஆயினும் ஒரு சிலர், கடையைப் பூட்டிய பின்னர், யாருக்கும் தெரியாமல் குடிக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். அறிந்தும் அறியாதவர்போல் இருந்துவருகிறோம்.

இந்தச் சிலர் களிப்புக்காகக் குடிப்பவர்களல்லர். கூட்டாளிகளோடு கும்மாளமிடுபவர்களுமல்லர். தூக்கம் வராமல் குடிக்கிறார்கள். நெஞ்சிலுள்ள பாரத்தை இறக்கிவைக்க வேறு இடம் தெரியாமல் குடிக்கிறார்கள். குடி கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கு அடியிலே கிடக்கும் நோய் தெரிவதில்லை. அந்த நோயின் பெயர் மனச்சோர்வு. குடியை மட்டும் ஏசிவிட்டு நோயை விட்டுவிடுவது, கூரை ஒழுகும் இடத்தை அடைக்காமல் தரையை மட்டும் துடைப்பது போலாகும்.

நாம் வைத்தியரல்லர், ஆலிமுமல்லர், கடை நடத்துகிறவர்கள். ஆகவே வைத்தியர்கள் ஐயமின்றிக் கண்டறிந்த விஷயங்களையும், மார்க்கத்தில் தெளிவாயுள்ள விஷயங்களையும் மட்டும் எடுத்து, நமக்குப் பழகிய கணக்குப் பாஷையில் சொல்ல முயல்கிறோம்.

1. துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு

சரக்கு வரவேண்டிய கப்பல் தாமதித்தால் கவலை வரும். பற்று வைத்தவர் சொல்லாமல் போய்விட்டால் கோபம் வரும். ஊரிலிருந்து மௌத்துச் செய்தி வந்தால் துக்கம் வரும். இவையெல்லாம் மனிதனாகப் பிறந்தவனுக்கு உள்ளவை. நாள் செல்லச் செல்ல ஆறிவிடும். இடையில் ஒரு நல்ல செய்தி வந்தால் முகம் மலரும். பேரப்பிள்ளையைக் கண்டால் சிரிப்பு வரும்.

மனச்சோர்வு அப்படிப்பட்டதன்று. இரண்டு வாரம் அல்லது அதற்கு மேலாக, அநேகமாக ஒவ்வொரு நாளும், நாள் முழுவதும் மனம் இருண்டு கிடப்பது. முன்பு பிரியமாயிருந்த எதிலும் பிரியமில்லாமற் போவது. இவ்விரண்டில் ஒன்றாவது இருக்கும். அதனோடு தூக்கம் கெடும். பசி குறையும், அல்லது அளவின்றிக் கூடும். சரீரம் அலுத்துப்போகும். சிறு தீர்மானமும் மலைபோலத் தோன்றும். தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம் வரும். சிலருக்கு மௌத்தாகிவிட்டால் நல்லது என்ற நினைப்பும் வரும். இவற்றுள் பலவும் சேர்ந்து, அன்றாட வேலையையும் கெடுக்குமாயின், வைத்தியர்கள் அதை நோய் என்றே கணக்கிடுகிறார்கள்.

வியாபாரியிடத்தில் இந்த நோய் அழுகையாக வெளிவருவது அபூர்வம். கடைப் பிள்ளைகள்மேல் எரிந்துவிழுவான். பேரேட்டைத் திறக்க மனம் வராமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவான். சரக்குக் கொடுத்தவரின் தொலைபேசி மணி அடித்தால் எடுக்கமாட்டான். வீட்டுக்குப் போக மனமில்லாமல் வேலையில்லாத வேலையைச் செய்துகொண்டு கடையிலேயே இருப்பான். வயிறு எரிகிறது, முதுகு வலிக்கிறது, தலை கனக்கிறது என்று வைத்தியர் மாற்றி வைத்தியரிடம் போவான். ஆனால் வாடிக்கையாளர் படியேறி வந்துவிட்டால் சிரித்துப் பேசுவான். சிரிப்பு அவன் தொழிலின் ஒரு பகுதி. ஆதலால்தான் பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரிவதில்லை.

இது எங்கோ ஒருவருக்கு வருவது என்று எண்ணவேண்டாம். 2016-ல் சிங்கப்பூரில் தொடங்கிய மனநல ஆய்வில் 6,000-க்கும் மேற்பட்டோரை நேரில் கண்டு விசாரித்தார்கள். வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வு நோய் கண்டவர்கள் ஏறக்குறைய 16 பேரில் ஒருவர். மதுவைத் தீங்கான முறையில் பயன்படுத்தியவர்கள் ஏறக்குறைய 24 பேரில் ஒருவர். மனநோய் கண்டவர்களில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் எவரிடமும் உதவி நாடவில்லை. மலேசியாவில் 2023-ல் எடுத்த தேசிய ஆய்வு, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருப்பதாகக் கண்டது. 2019-ல் இருந்ததைவிட இது இரண்டு மடங்கு. நம்முடைய ஜும்ஆவின் ஒரு வரிசையை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். அந்த வரிசையில் ஒருவராவது இருக்கக்கூடும்.

2. ஈமான் குறைவா?

நம்மவரிடையே ஒரு பேச்சு உண்டு: ஈமான் உள்ளவனுக்கு மனச்சோர்வு வராது என்பது. நோயாளியின் வாயை அடைப்பதற்கு இதைவிடப் பெரிய பூட்டு வேறில்லை. தன் நோயைச் சொன்னால் தன் ஈமானையே சந்தேகிப்பார்கள் என்று அவன் பயப்படுகிறான்.

யஃகூப் நபி (அலை) அவர்கள் தம் மகனைப் பிரிந்த துக்கத்தால் கண்கள் வெளுத்துப்போகும் வரையில் வருந்தியதைத் திருமறையின் யூசுப் அத்தியாயம் கூறுகிறது. அவர்களுடைய ஈமானை யார் குறை சொல்வார்? நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் கிடைத்த பத்தாம் ஆண்டில், அன்னை கதீஜா (ரலி) அவர்களும் தந்தையைப்போலவே காத்துவந்த அபூதாலிபும் மறைந்தார்கள். அந்த ஆண்டுக்கே சரித்திர ஆசிரியர்கள் துக்க ஆண்டு என்று பெயரிட்டார்கள். நாயகம் அவர்கள் பாதுகாவல் தேடிக் கேட்ட துஆ ஒன்றில் கவலையையும், துக்கத்தையும், கடன் சுமையையும் ஒருசேர வைத்துக் கேட்டிருக்கிறார்கள். வியாபாரிகளாகிய நாம் இதைக் கவனிக்கவேண்டும். கடனும் கவலையும் ஒரே வீட்டில் குடியிருப்பவை என்பது அன்றே தெரிந்த விஷயம்.

நம் முன்னோரின் வைத்திய நூல்களும் இதை விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 322-ல், அதாவது கி.பி. 934-ல், மறைந்த அபூஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலின் நலத்துக்கு ஒரு பகுதியும் உள்ளத்தின் நலத்துக்கு ஒரு பகுதியுமாக ஒரு நூல் எழுதினார். அதில் காரணம் தெரிந்த துக்கம் என்றும், காரணம் தெரியாமல் சரீரத்திலிருந்து எழும் துக்கம் என்றும் இரண்டாகப் பிரித்தார். முதலாவதற்கு நல்ல பேச்சும் ஆறுதலும், இரண்டாவதற்கு உடலுக்கான வைத்தியமும் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு முஸ்லிம் அறிஞர் நோய் என்று எழுதியதை, இன்றைக்கு நாம் பலவீனம் என்று சொல்லிக்கொண்டிருக்கலாமா?

3. பாரம் எங்கிருந்து வருகிறது?

நம் தொழிலின் தன்மையே இதற்கு இடம்கொடுக்கிறது. சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் சுபுஹுக்கு முன் எழுந்து நடுநிசி தாண்டிப் படுக்கிறார். இருபத்துநான்கு மணி நேரக் கடை என்றால் அவருக்குப் படுக்கையே இல்லை. வாடகை ஏறுகிறது, வேலையாள் கிடைப்பதில்லை, கிடைத்தவர் நிலைப்பதில்லை. 2020 மார்ச் 18-ல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடும், ஏப்ரல் 7-ல் சிங்கப்பூரில் அதுபோன்ற கட்டுப்பாடும் வந்தபோது, நாணயம் மாற்றும் கடைகளுக்கு ஆளே வரவில்லை. விமானம் பறந்தால்தானே அவர்களுக்கு வியாபாரம்? கட்டுப்பாடுகள் நீங்கிவிட்டன. அந்தக் காலத்தில் வாங்கிய கடன் எல்லோருக்கும் நீங்கிவிடவில்லை.

இதற்குமேல் வியாபாரிக்கு மட்டுமே உரிய ஒரு பாரமும் உண்டு. கூலிக்காரன் தன் கஷ்டத்தை முதலாளியிடம் சொல்லலாம். முதலாளி யாரிடம் சொல்வது? ‘அவருக்குக் கை தளர்ந்துவிட்டது’ என்ற பேச்சு கடைத்தெருவில் கிளம்பினால், மறுநாள் சரக்குக் கடன் நின்றுவிடும். நாணயமே மூலதனம். ஆகவே கடையில் சொல்ல முடியாது. வீட்டில் சொன்னால் பெண்டு பிள்ளைகள் கலங்குவார்கள். ஊருக்குச் சொன்னால் ‘சீமையில் சம்பாதிக்கிறவருக்கு என்ன குறை’ என்பார்கள். இப்படி எல்லா வாசலும் அடைபட்டவனுக்கு ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. அது போத்தலின் வாய்.

இந்நாட்டில் இது புதிய கதையுமன்று. ரப்பர்த் தோட்டங்களில் நாள் முழுதும் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களின் அலுப்பையும் தனிமையையும் கள்ளுக்கடைகள் தின்றன. அக்கடைகளை எதிர்த்துக் கெடாவில் தொண்டர் படையினர் கிளர்ச்சி செய்தது 1947-ல். அதெல்லாம் தோட்டத்துக் கதை, நமக்கென்ன என்று கடைத்தெருவில் இருப்போர் நினைப்பதுண்டு. தோட்டத்தில் பலர் பார்க்கக் குடித்தார்கள். கடைத்தெருவில் ஒருவன் கதவை மூடிக்கொண்டு குடிக்கிறான். அலுப்பும் தனிமையும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

4. மது செய்யும் வேலை

‘ஒரு குவளை போனால் மனம் லேசாகிறது, தூக்கம் வருகிறது, மருந்தாகத்தான் எடுக்கிறேன்’ என்பது இவர்கள் சொல்லும் சமாதானம். அது முழுப் பொய்யன்று. மது மூளையில் பதற்றத்தை அடக்கும் பகுதியைத் தூண்டி, விழிப்பைக் கொடுக்கும் பகுதியை மந்தமாக்குகிறது. ஆதலால் கொஞ்ச நேரம் நிம்மதி கிடைப்பது உண்மையே. அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனமும் அதில் சில பலன்கள் உண்டென்பதை மறுக்கவில்லை. பலனைவிடக் கேடு பெரிது என்று கணக்கைத் தீர்க்கிறது. மதுவுக்கு மருந்து என்ற பெயரைக் கொடுக்க நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்து, அதை நோயின் பக்கத்தில் எழுதினார்கள்.

அந்தக் கேடு எப்படி வருகிறது? வட்டிக் கடனைப்போல வருகிறது. மது அழுத்தும்போது மூளை சும்மா இருப்பதில்லை, எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. மது இறங்கிய பின்னும் அந்தத் தள்ளுதல் கொஞ்ச நேரம் நிற்கும். அதனால்தான் விடியற்காலையில் நெஞ்சு படபடக்கிறது; காரணமில்லாத அச்சம் வருகிறது. நேற்றிரவு இருந்த கவலையைவிட இன்று காலைக் கவலை அதிகம். அதை அடக்க மறுநாள் இரவு இன்னும் கொஞ்சம் வேண்டும். மூளை பழகப் பழக, ஒரு குவளை செய்த வேலைக்கு இரண்டு, இரண்டு செய்த வேலைக்கு நான்கு என்று ஏறுகிறது. இன்றைய நிம்மதியை நாளைய கணக்கில் பற்று எழுதி வாங்குகிறான். முதல் அடைவதில்லை, வட்டி மட்டும் ஏறுகிறது.

தூக்கக் கணக்கும் இப்படியே. மது சீக்கிரம் கண்ணை மூடச் செய்யும். ஆனால் இரவின் பின்பாதியில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். கனவு காணும் தூக்கத்தையும் குறைக்கும். ஏழு மணி நேரம் படுத்திருந்தவனும் தூங்காதவனைப்போல எழுந்திருக்கிறான். சோர்வு வளர்கிறது. மது தானே மனத்தைத் தாழ்த்தும் பொருள். மனச்சோர்வுக்கு அதைக் குடிப்பது, எரிகிற கொள்ளிக்கு எண்ணெய் ஊற்றுவதற்குச் சமானம்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 330 மில்லி லிட்டர் கொண்ட, 5 விழுக்காடு வீரியமுள்ள ஒரு டின் பீரில் சுமார் 13 கிராம் சாராயச் சத்து இருக்கிறது. அதை ஈரல் தீர்த்துக்கட்ட ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். காப்பி குடிப்பதாலும், குளிர்ந்த நீரில் குளிப்பதாலும் அது விரைவதில்லை. ஆகவே நடுநிசி வரை அதிகமாகக் குடித்தவன், விடிந்து வேனை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போகும்போதும் போதையோடுதான் போகிறான். மதுவால் புற்றுநோய் வரும் என்பது 1988-லேயே உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் தீர்மானித்த விஷயம். உடல் நலத்துக்குப் பாதகமில்லாத அளவு என்று ஒன்றைச் சொல்வதற்கில்லை என 2023 ஜனவரியில் அந்த ஸ்தாபனம் அறிவித்தது.

5. மறைவுக்குக் கொடுக்கும் விலை

நம்மவர் குடிக்கும்போது இரண்டு பாரம் சேருகிறது. ஒன்று மதுவின் பாரம். மற்றொன்று ஒளிக்கும் பாரம். வாடை தெரியாமலிருக்க ஏலக்காயும் கிராம்பும் மெல்லவேண்டும். வீட்டாரிடம் சரக்கு இறக்க நேரமாயிற்று என்று பொய் சொல்லவேண்டும். கல்லாவிலிருந்து எடுத்த பணத்துக்குப் பொய்க் கணக்கு எழுதவேண்டும். தொழுகையில் நிற்கக் கூச்சப்பட்டு, பிறகு பள்ளிவாசலுக்கே வராமல் நின்றுவிடுவான். அல்மாயிதா அத்தியாயம் மதுவின் கேடுகளாக எண்ணுவதில், மனிதருக்குள் பகை மூளுவதும் தொழுகை தவறுவதும் இருப்பதை நாம் கண்முன்னே காண்கிறோம். மலேசியாவில் முஸ்லிம் மது அருந்துவது ஷரீஅத் சட்டப்படி குற்றம் என்பதால் பயமும் சேருகிறது.

ஒளித்துக் குடிப்பவன் வாங்கும் சரக்கிலும் அபாயமுண்டு. முகவரியில்லாத மலிவுச் சரக்கில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருந்தால் கண் குருடாகும், உயிரும் போகும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் இப்படிப்பட்ட சரக்கைக் குடித்துப் பலர் மாண்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய விலை ஒன்று உண்டு. மனம் இருண்டவனின் கையைக் கடைசி நிமிஷத்தில் பிடித்து நிறுத்துவது அவனுடைய நிதானம். மது அந்த நிதானத்தை அழிக்கிறது. தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் நினைப்பும் மதுவும் சேர்ந்துவிட்டால் அது மிக அபாயமான சேர்க்கை. இப்படிப்பட்டவன் உதவி தேடினால் பொலீசு பிடிக்குமோ என்ற பயமும் இனி வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்த சட்டத்தைச் சிங்கப்பூர் 2020-லும் மலேசியா 2023-லும் நீக்கிவிட்டன.

6. நோன்பு மாதத்துக்கு ஓர் எச்சரிக்கை

இந்தப் பாடத்தில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமானால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

நமக்குப் பரிச்சயமான மளிகை வியாபாரி ஒருவர் நான்கு வருஷமாக இரவில் குடித்துவந்தார். வீட்டாருக்குத் தெரியாது. ஒரு ரமளானில், தலைப்பிறை கண்ட இரவில், இனிமேல் தொடுவதில்லை என்று நிய்யத்துச் செய்து ஒரேயடியாக நிறுத்திவிட்டார். நல்ல நிய்யத்து. மறுநாள் தராவீஹில் கை நடுங்கியது. சட்டை வியர்வையில் நனைந்தது. நோன்புக் களைப்பு என்று எல்லோரும் எண்ணினார்கள். மூன்றாம் இரவில் இல்லாத ஆட்கள் அறையில் நிற்பதாகக் கூவினார். ஷைத்தான் தீண்டிவிட்டது என்று வீட்டார் தண்ணீர் ஓதித் தெளித்தார்கள். மைத்துனர் ஒருவர் மட்டும் ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசி செய்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வலிப்பு வந்தது. இன்னும் தாமதித்திருந்தால் ஜனாஸாவாகத்தான் திரும்பியிருப்பார் என்று வைத்தியர் சொன்னார்.

நடந்தது என்னவென்றால், நாள்தோறும் அதிகமாகக் குடித்து மூளை பழகியவர் திடீரென்று நிறுத்தும்போது, முன்சொன்ன அந்த எதிர்த் தள்ளுதல் தடையில்லாமல் பாய்கிறது. நிறுத்திய 6 மணி நேரம் முதல் நடுக்கமும், வியர்வையும், படபடப்பும் வரலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சித்தம் கலங்கி, இல்லாததைக் காணவும் கேட்கவும் செய்யலாம். இந்தக் கடைசி நிலையில் வைத்தியம் இல்லாவிடில் உயிர் போகக்கூடும். வைத்தியர் மேற்பார்வையில் சில நாட்களுக்குக் கொடுக்கும் மருந்தும், ‘பி1’ வைட்டமினும் இதைத் தடுக்கும். ஆகவே நாள்தோறும் குடிப்பவர் நிறுத்த விரும்பினால், நோன்பு வரும் வரையில் காத்திராமல் முன்னதாகவே வைத்தியரிடம் போய், உள்ள அளவை மறைக்காமல் சொல்லி, அவர் சொல்லும் வழியில் நிறுத்தவேண்டும். நோன்புக்குள் சரீரம் கெட்டுவிட்டால், நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு. பிறகு களாச் செய்யலாம். நடுக்கத்தோடு சித்தக் கலக்கமோ வலிப்போ கண்டால் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. ஓதிப்பார்ப்பவர் ஓதட்டும், ஆம்புலன்ஸ் முதலில் வரட்டும்.

அந்த வியாபாரியின் கதை அத்தோடு முடியவில்லை. மது இறங்கி ஒரு மாதம் ஆன பின்னும் அவர் மனம் தெளியவில்லை. அப்போதுதான், குடி தொடங்குவதற்கு முன்பே மனச்சோர்வு இருந்தது என்பது வெளிப்பட்டது. அதற்குத் தனியே வைத்தியம் நடந்தது. இன்று கடை திறக்கிறார். கடையின் ஒரு பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. மனைவியின் நம்பிக்கை கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. களாவாகியிருந்த நோன்புகளை நோற்று முடித்துவிட்டார்.

7. வைத்தியம் உண்டு

முதலில் போகவேண்டியது நமக்குப் பழக்கமான வைத்தியரிடம், அல்லது அரசாங்கக் கிளினிக்குக்கு. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது வைத்தியரின் தொழிற்கடமை. சிங்கப்பூரில் புவாங்கோக்கிலுள்ள மனநல ஆஸ்பத்திரியில் குடிப்பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மலேசியாவில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. பேசுவதற்கு ஆள் வேண்டுமானால் சிங்கப்பூரில் 1767 என்ற எண்ணையும், மலேசியாவில் 15555 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

அங்கே என்ன செய்வார்கள்? மது நின்ற பின் சில வாரங்களில் பலருக்கு மனச்சோர்வும் குறைந்துவிடும். அது மதுவே உண்டாக்கியது. குறையாமல் நின்றால் அது தனி நோய். அதற்குப் பேசித் தீர்க்கும் வைத்தியம் உண்டு. எண்ணங்களையும் பழக்கங்களையும் வரவு செலவு பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திருத்துவது அது. மாத்திரையும் உண்டு. மாத்திரை இரண்டு மூன்று நாளில் வேலை செய்யாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பலன் தெரிந்தவுடன் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. மதுவோடு சேர்க்கவும் கூடாது. மது வேட்கையைத் தணிக்கும் மருந்துகளும் இன்று இருக்கின்றன.

வைத்தியத்தோடு தொழிலையும் ஒழுங்கு செய்யவேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது கடையை அடைப்பது, அல்லது நம்பிக்கையானவரிடம் ஒப்படைப்பது. கடன்களையெல்லாம் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது. மனத்தில் கிடக்கும் கடன் எப்போதும் தாளில் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். கடன் கொடுத்தவரிடம் ஒளியாமல் தவணை கேட்பது. நடப்பது, நேரத்துக்குச் சாப்பிடுவது, ஜமாஅத்துக்கு வருவது. தொழுகையும் திக்ரும் மருந்தோடு சேர்ந்து நிற்பவை. நாயகம் (ஸல்) அவர்கள் நோய்க்கு மருந்து தேடும்படி சொன்னதை நாம் மறக்கலாகாது.

8. சுற்றியிருப்போர் செய்யவேண்டியது

நாயகத்தின் காலத்தில் ஒரு மனிதர் இருந்தார். வேடிக்கையாகப் பேசி நாயகம் (ஸல்) அவர்களையே சிரிக்கவைப்பவர். குடித்ததற்காகப் பலமுறை தண்டனைக்குக் கொண்டுவரப்பட்டார். ஒருமுறை கூட்டத்திலிருந்த ஒருவர் அவரைச் சபித்தார். நாயகம் அவர்கள் அந்தச் சாபத்தைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. தண்டனை தண்டனையாக இருந்தது, மனிதரைத் தள்ளிவிடவில்லை. சிரிக்கவைப்பவர் உள்ளேயும் ஒரு பாரம் இருக்கலாம் என்பது நாம் எடுத்துக்கொள்ளும் படிப்பினை.

ஆகவே சந்தேகம் வந்தால், நாலு பேர் முன்னிலையில் கேட்கவேண்டாம். கடைத்தெருவில் பேச்சாக்கவேண்டாம். தனியே அழைத்து, ‘தம்பி, கொஞ்ச நாளாக முகம் சரியில்லையே, ராத்திரி தூங்குறியா?’ என்று கேளுங்கள். மூத்தவரானால், ‘காக்கா, ஒரு வாரம் கடையை நான் பார்த்துக்கிறேன், நீங்க ஒரு டாக்டரைப் பாருங்க, நானும் கூட வர்றேன்’ என்று சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியம் முதலாவதைவிடப் பெரிய உதவி. சாக விரும்பும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கவும் தயங்கவேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. சொல்ல ஒரு வழி திறக்கிறது. உண்டென்றால் அவரைத் தனியே விடலாகாது.

ஊரிலிருந்து வந்து நம் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளையும் நினைக்கவேண்டும். பெண்டு பிள்ளைகளைப் பிரிந்து, கடை மாடியில் படுத்து, மாதச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு இருக்கும் அவர்களுக்கு நாம்தான் தாயும் தகப்பனும். அவர்களுடைய ஓய்வு நாளைப் பறிக்காமலிருப்பதும் ஒரு வைத்தியமே.

9. தனியே இருந்து கேட்டுக்கொள்ள

சங்கத்து வாசிப்பு வட்டங்களில் இந்தப் பாடத்தைப் படிப்போர் கீழ்க்கண்ட கேள்விகளைச் சத்தமாகக் கேட்கவேண்டாம். அவரவர் தமக்குள் கேட்டுக்கொண்டால் போதும்.

ஒன்று: கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் மனம் வெறிச்சென்று இருந்தது?

இரண்டு: முன்பு சந்தோஷம் தந்த காரியம் எது, அது இப்போதும் தருகிறதா?

மூன்று: தூங்கவோ, கவலையை மறக்கவோ, ஏதாவதொரு பொருள் தேவைப்படுகிறதா? முன்பைவிட அளவு கூடியிருக்கிறதா?

நான்கு: வீட்டாரிடம் மறைக்கவேண்டிய செலவோ நேரமோ இருக்கிறதா?

ஐந்து: உண்மையைச் சொல்லக்கூடிய ஒரு மனிதரின் பெயர் உடனே நினைவுக்கு வருகிறதா?

முதல் நான்கில் எதிலேனும் மனம் உறுத்தினால், ஐந்தாவது கேள்விக்கு வந்த பெயருடையவரை இன்றைக்கே போய்ப் பாருங்கள். பெயரே வரவில்லையானால் வைத்தியரைப் பாருங்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு: வேறொருவருடைய ஐந்தாவது கேள்விக்கு விடையாக நம் பெயர் வரும்படி நடந்துகொள்வது.

வருஷத்துக்கு ஒருமுறை சரக்கை எண்ணி, ஐந்தொகை போட்டு, வாரா வரவைக் கழித்து எழுதுகிறோம். எண்ணாமல் விட்ட சரக்கில் செல் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும். மனமும் அவ்வாறே. நஷ்டத்தை நஷ்டமென்று எழுதியவனே அடுத்த வருஷத்துக்குக் கடையைக் கொண்டுபோகிறான். அல்லாஹ் நம் எல்லோருக்கும் சரீர சுகத்தையும் மன சுகத்தையும், உண்மையைச் சொல்லும் தைரியத்தையும், கேட்கும் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.